டிக் வேண்டாம், மார்க் போடுங்கள்

ஜனவரி பிறந்தால் +2 பிள்ளை இருக்கும் வீட்டுச் சுவரில் ஒரு டைம்டேபிள் முளைக்கும். காலை 4.30 முதல் 6 வரை இயற்பியல், 6 முதல் 7.15 வரை உயிரியல் என்று ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் கட்டமாக இருக்கும். பாடம் முடிந்ததும் பக்கத்தில் ஒரு டிக். பொங்கலுக்குள் அந்தத் தாள் செத்துப்போகும். பிள்ளைக்கு வைராக்கியம் போதவில்லை என்று வீட்டில் பேச்சு எழும். பெரும்பாலும் குறை அந்தத் தாளிடம்தான் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தை மட்டும்தான் அது கணக்கு வைக்கிறது. புத்தகத்தை மூடிய பிறகு எவ்வளவு எழுத வருகிறது என்ற கணக்கு அதில் எங்கும் இல்லை. தேர்வில் கேட்கப்போவது அது ஒன்றைத்தான்.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் +2 உயிரியல் எழுதப்போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனிப் பாடங்களாக எடுத்த பியூர் சயன்ஸ் மாணவர்களும் இந்த முறையைப் பின்பற்றலாம். அவர்களுக்குப் பக்கங்கள் கூடுதல், அவ்வளவுதான்.

முதலில் தேர்வின் கணக்கு

உயிரியல் எழுத்துத் தேர்வு 70 மார்க். மீதி 30 செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் போகிறது. அந்த 70-ல் தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35. ஒவ்வொரு பாதியிலும் ஒரு மார்க் கேள்விகள் எட்டு. இரண்டு மார்க்கில் ஆறு கேட்டு நான்கு எழுதச் சொல்வார்கள். மூன்று மார்க்கில் ஐந்து கேட்டு மூன்று எழுத வேண்டும், அதில் ஒன்று கட்டாயம். ஐந்து மார்க் இரண்டு, ஒவ்வொன்றும் ‘அல்லது’ போட்டு வரும். கூட்டிப் பாருங்கள்: 8, 8, 9, 10. மொத்தம் 35.

இதிலிருந்து திட்டத்துக்கு உதவும் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, சாய்ஸ் இருக்கிறது என்று பாடங்களை விட்டுவிட்டால் முதலில் அடி விழுவது ஒரு மார்க் கேள்விகளில். இரண்டு பாதியும் சேர்த்து அவை 16 மார்க், அங்கே சாய்ஸே கிடையாது. புத்தகத்தின் எந்த மூலையிலிருந்தும் வரும். புக் பேக் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் வெளியே வந்து “எல்லாம் இன்சைட்ல இருந்து கேட்டுட்டாங்க” என்று புலம்புவது இந்தப் பகுதியைப் பற்றித்தான்.

இரண்டாவது செய்தி நேரம் பற்றியது. மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம். 70-ஆல் வகுத்தால் மார்க்குக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம். பத்து மார்க்குக்கு எழுத 25 நிமிடம். இந்த 25 நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க அது வரும்.

பாடங்கள் எத்தனை? தாவரவியலில் பத்து, விலங்கியலில் பன்னிரண்டு, ஆக 22 என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். உங்கள் கையில் உள்ள பதிப்பின் பொருளடக்கத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். எண்ணிக்கை கூடக் குறைய இருந்தாலும் இரண்டு பாதிக்கும் மார்க் சமம். விலங்கியல் கதை மாதிரி ஓடும், மனித உடலைப் பற்றியது, படிக்க சுகம். அதனால் பலர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். தாவரவியல் கடைசி வாரத்துக்குத் தள்ளப்படுகிறது. 35 மார்க்கைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறோம் என்பது டிக் போட்ட டைம்டேபிளில் தெரியாது.

படித்தது ஏன் நிற்பதில்லை

மறதியைப் பற்றி டியூஷன் சென்டர் சுவரில் ஒரு வளைகோடு ஒட்டியிருப்பார்கள். ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. ஒரே நாளில் மூன்றில் இரண்டு பங்கு மறந்துவிடும் என்று அதன் கீழே எழுதியிருக்கும். அவர் மனப்பாடம் செய்தவை அர்த்தமில்லாத ஒலித்துண்டுகள், சோதித்ததும் தன்னைத்தானே. பொருள் புரிந்து படித்த பாடம் அத்தனை வேகமாகக் கரையாது. ஆகவே அந்தப் போஸ்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பத் தொட்டால்தான் நிற்கும் என்று அவர் கண்டது இன்றும் செல்லும்.

மாணவர்களுக்கு இன்னும் நேரடியாக உதவுவது 2006-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் செய்த சோதனை. சூரியன், கடல் நீர்நாய் போன்ற பொருள்களில் சிறு பத்திகளைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு முறையும் படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, அடுத்த மூன்று முறையும் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுவுக்கு 83 சதவீதம், எழுதிய குழுவுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கணக்கு தலைகீழானது: படித்த குழு 40, எழுதிய குழு 61.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரு வாரத்துக்குப் பின் எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு இருந்தது நான்கு முறை படித்த குழுதான். மறுபடி படிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன. பழக்கத்தைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. ஒருவரின் முகம் தெரிந்த மாதிரி இருந்தும் பெயர் வராமல் நிற்பதுபோல, ‘மூலக்கூறு மரபியல்’ பாடத்தை மூன்று முறை படித்தவர் லாக் ஓபரானை வரையச் சொன்னால் நிற்பார். ஆகவே “முடிச்சிட்டேனா?” என்று உங்களையே கேட்டு டிக் போடுவது, ஏமாறுகிற ஆளையே சாட்சிக்கு அழைப்பதற்குச் சமம்.

பழைய திண்ணைப் பள்ளியிலிருந்து நேற்று வரை நம்மிடம் ‘ஒப்பித்தல்’ என்ற பழக்கம் இருந்தது. புரியாமல் உருப்போடுவதோடு சேர்ந்துபோனதால் அதற்குக் கெட்ட பெயர். புத்தகத்தை மூடிவிட்டு எடுத்துச் சொல்வது என்ற பாதி மட்டும் மிகச் சரியானது. தூக்கி எறிந்திருக்கக் கூடாது.

ஒரே ஒரு தாள்

நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் எதிரெதிரான இரண்டு பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் தாவரவியல், வலப்பக்கம் விலங்கியல். பாடத்துக்கு ஒரு வரி. வரிக்கு நேராகக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விவரம் மட்டும்: தேதி, பத்துக்கு எத்தனை, அடுத்து எப்போது. இதற்கு மொபைல் ஆப் எதுவும் வேண்டாம். போனை எடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

மார்க் எப்படிப் போடுவது? ஒரு பாடத்திலிருந்து ஐந்து மார்க் கேள்வி ஒன்று, மூன்று மார்க் ஒன்று, இரண்டு மார்க் ஒன்று. கூட்டினால் பத்து. புக் பேக்கிலிருந்தும் எடுக்கலாம், பழைய பப்ளிக் கேள்வித்தாள், திருப்புதல் தேர்வுத் தாள்களிலிருந்தும் எடுக்கலாம். முன்பு எடுத்த கேள்வியையே திரும்ப எடுக்காதீர்கள். புத்தகத்தை மூடி, 25 நிமிடம் வைத்து, பேனாவால் எழுதிப் பாருங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது. படம் கேட்டால் படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டும். ஒரு மார்க் கேள்விகளுக்கு இந்தப் பத்தில் இடமில்லை. அவற்றைப் பஸ்ஸிலும் மதிய இடைவேளையிலும் நண்பரோடு மாறி மாறிக் கேட்டுக்கொள்ளலாம்.

திருத்தும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். தன் விடையைத் தானே திருத்தினால் கை தாராளமாகிவிடும். “இது தெரியும்தானே, எழுத விட்டுப்போச்சு” என்று அரை மார்க் சேரும். அதற்கு ஒரு வழி, திருத்துமுன் புத்தகத்தைப் பார்த்து அந்த விடையில் கட்டாயம் வர வேண்டியவற்றை எண்ணிவிடுவது. லாக் ஓபரானையே எடுத்துக்கொண்டால், ஜேக்கப், மோனாட் பெயர்கள், இசட், ஒய், ஏ என்ற மூன்று ஜீன்கள், அவை தரும் பீட்டா காலக்டோசிடேஸ், பெர்மியேஸ், டிரான்ஸ் அசிட்டைலேஸ் நொதிகள், ஒடுக்கிப் புரதம் ஆபரேட்டரில் உட்காரும்போது என்ன நடக்கிறது, லாக்டோஸ் வந்ததும் அந்த ஒடுக்கி ஏன் நழுவுகிறது, இவற்றோடு படம். இத்தனையில் உங்கள் தாளில் எவை இருக்கின்றன என்று எண்ணுங்கள். இருப்பதற்கு மட்டும்தான் மார்க். இன்னும் நல்லது, தாளை நண்பரோடு மாற்றித் திருத்துவது. நண்பர்கள் இரக்கமில்லாமல் திருத்துவார்கள்.

அம்மா அப்பாவுக்கும் இதில் வேலை உண்டு. அவர்களுக்கு உயிரியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளை சொல்லச் சொல்ல வரியில் விரல் வைத்துச் சரிபார்த்தால் போதும். “இன்னிக்கு எவ்வளவு நேரம் படிச்ச?” என்ற கேள்வியை மட்டும் மூன்று மாதம் விட்டுவிடலாம்.

அடுத்த தேதியை மார்க்தான் முடிவு செய்யும். பத்துக்கு ஐந்துக்குக் கீழே என்றால் இரண்டு நாளில் திரும்ப வாருங்கள். ஐந்து முதல் ஏழு என்றால் ஒரு வாரம். எட்டும் அதற்கு மேலும் என்றால் 15 நாள். பழைய சங்கதிதான் இது. செபஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-ல் எழுதிய புத்தகத்தில் கேள்விச் சீட்டுகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, தெரிந்ததை அரிதாகவும் தெரியாததை அடிக்கடியும் எடுக்கும் முறையைச் சொன்னார். நாம் சீட்டுக்குப் பதில் பாடத்தை வைக்கிறோம்.

ஒரு வரி எப்படி ஓடும் என்று கற்பனையாகப் பார்க்கலாம். ‘மூலக்கூறு மரபியல்’: ஜனவரி 6-ல் மூன்று மார்க். எட்டாம் தேதி திரும்ப, ஐந்து. அடுத்தது 15, அது பொங்கல் நேரம், 17-க்குத் தள்ளியது, அன்று ஆறு. 24-ல் எட்டு. அடுத்த தேதி பிப்ரவரி 8. அதே காலத்தில் ‘மனித நலனில் நுண்ணுயிரிகள்’ ஜனவரி 7-ல் எட்டு வாங்கிவிட்டு 22 வரை உங்களைத் தொந்தரவே செய்யாது. எளிய பாடத்தை நான்காவது தடவை படித்துத் தைரியம் தேடிக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் உண்டு. “இன்னும் தேதி வரவில்லை” என்று தாள் சொல்லிவிடுகிறது.

நாட்களை எண்ணுவது

பள்ளியில் அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் முடிகிறது. பப்ளிக் பெரும்பாலும் மார்ச்சில் தொடங்கும். ஜனவரி 2 முதல் பிப்ரவரி 28 வரை 58 நாள். இதில் எட்டு ஞாயிற்றுக்கிழமைகளை எதுவும் எழுதாமல் காலியாக விடுங்கள். பொங்கலுக்கு நான்கு. செய்முறைத் தேர்வும் மற்ற பாடத் திருப்புதல் தேர்வும் விழுங்குவது ஓர் ஆறு. மிஞ்சுவது 40. மொழிப்பாடங்களும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் இருக்க, இந்த நாற்பதிலும் நாளுக்கு 75 நிமிடம்தான் உயிரியலுக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

ஞாயிறு எதற்குக் காலி? 1994-ல் கனடாவில் ஓர் ஆய்வு வந்தது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். முடிக்க ஆனது 55 நாளுக்கும் மேல். நாளை நடக்கப்போவதைக் கணக்குப் போடும்போது காய்ச்சலும் கரண்ட் கட்டும் சித்தப்பா வீட்டுக் கல்யாணமும் நம் கண்ணில் படுவதில்லை. வாரத்தில் ஒரு நாள் காலியாக இருந்தால் பின்தங்கிய கட்டங்கள் அங்கே போய் உட்காரும். பின்தங்கவில்லையா, கிரிக்கெட் ஆடுங்கள்.

இப்போது நாற்பதையும் 22-ஐயும் மோதவிடுவோம். ‘மூலக்கூறு மரபியல்’, ‘மனித இனப்பெருக்கம்’, ‘மனித நலன் மற்றும் நோய்கள்’, தாவரவியலில் இனப்பெருக்கம், பாரம்பரிய மரபியல், குரோமோசோம் பற்றிய பாடம், இந்த ஆறும் பெரியவை. இரண்டு நாள் கேட்கும். மற்ற 16-க்கு ஒவ்வொரு நாள். ஆக முதல் சுற்றுக்கே 28 நாள் போய்விடும். மிச்சம் 12. “மூணு ரிவிஷன் முடிச்சிடுவேன்” என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. முழுப் புத்தகத்தை மூன்று முறை திரும்பப் படிக்க நாளே கிடையாது.

அதனால் முதல் சுற்று முடியட்டும், பிறகு திரும்பப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். தினமும் அந்த 75 நிமிடத்தில் முதல் 25 நிமிடம் பழைய பாடம் ஒன்றுக்கு டெஸ்ட். மீதி 50 நிமிடம் புதுப் பாடம். முதல் சுற்று முடிவதற்குள்ளேயே இப்படி 27 டெஸ்ட் ஆகியிருக்கும். கடைசிப் பன்னிரண்டு நாளில் நாளுக்கு இரண்டு வைத்தாலும் 24. மொத்தம் 51. 22 பாடத்தில் ஒவ்வொன்றையும் சராசரியாக இரண்டு தடவைக்கு மேல் சோதித்துவிடுவீர்கள், வீக்கான பாடத்தை நான்கு ஐந்து தடவை. விலை என்ன? புதுப் பாடத்துக்குத் தரும் நேரம் குறைகிறது. அது கொடுக்கத் தகுந்த விலை என்பது என் கருத்து. வகுப்பில் நடத்தி, காலாண்டும் அரையாண்டும் எழுதிய பாடம் எதுவும் இப்போது முழுப் புதிதல்ல.

பெரும்பாலானோர் மறந்துவிடும் பொருள் ஒன்று பைக்குள்ளேயே கிடக்கிறது: திருத்தி வந்த அரையாண்டு விடைத்தாள். பாடவாரியாக எங்கே எத்தனை போயிற்று என்று பாருங்கள். தாளின் முதல் கட்டத்தை அதை வைத்தே நிரப்பிவிடலாம். மிகக் குறைந்த மார்க் வந்த பாடத்திலிருந்து தொடங்குங்கள். பாடம் ஒன்றிலிருந்து வரிசையாகப் போனால் இனப்பெருக்கம் மட்டும் நான்கு தடவை மெருகேறும், சுற்றுச்சூழல் கடைசிவரை தூசி தட்டப்படாமல் கிடக்கும்.

இரண்டு புத்தகத்தையும் ஜோடி சேர்ப்பது

உயிரியலுக்கென்று ஒரு வசதி இருக்கிறது. தாவரவியலும் விலங்கியலும் ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் பேசுகின்றன. இனப்பெருக்கம் இரண்டிலும், மரபியல் இரண்டிலும், உயிரிதொழில்நுட்பம் இரண்டிலும், சூழல் இரண்டிலும். ஆசிரியர்கள் இருவர், பீரியட் வேறு, நோட்டு வேறு என்பதால் மாணவர்கள் இதை ஒட்டிப் பார்ப்பதே இல்லை.

ஒட்டிப் பார்த்தால் சுமை குறைகிறது. பூவின் மகரந்தப்பையில் ஒரு மைக்ரோஸ்போர் தாய்செல் குன்றல் பகுப்படைந்து நான்கு மைக்ரோஸ்போர்களைத் தருகிறது. சூலுக்குள் ஒரு மெகாஸ்போர் தாய்செல்லும் நான்கைத் தருகிறது, ஆனால் பொதுவாக மூன்று அழிந்து ஒன்று மட்டும் கருப்பையாக வளர்கிறது. இப்போது விலங்கியல் பக்கம் வாருங்கள். ஒரு முதல்நிலை விந்துச் செல்லிலிருந்து நான்கு விந்தணுக்கள். ஒரு முதல்நிலை அண்டச் செல்லிலிருந்து அண்டம் ஒன்றுதான், மற்றவை சிறிய துருவச் செல்களாகி வீணாகின்றன. ஆண் பக்கம் நான்கும் பயன்படும், பெண் பக்கம் ஒன்றுக்குத்தான் உணவு சேமிப்பு முழுவதும் போகும். காரணம் பிடிபட்டால் இரண்டு பாடத்திலும் அந்தப் பகுதியை ஒருங்கே எழுத வரும். அடுத்த படியில் வித்தியாசத்தையும் பார்த்துவிட வேண்டும்: பூவின் கருப்பையில் ஏழு செல், எட்டு நியூக்ளியஸ், இரட்டைக் கருவுறுதல் என்பது பூக்கும் தாவரத்தின் சங்கதி, மனிதருக்கு அது கிடையாது.

மரபியலிலும் அப்படியே. மெண்டலின் பட்டாணியைத் தாவரவியலில் முடித்த அன்றோ மறுநாளோ விலங்கியலில் ரத்த வகையைத் தொடுங்கள். அந்திமந்தாரையில் சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் முதல் தலைமுறை இளஞ்சிவப்பு, அடுத்ததில் 1:2:1. இது முழுமையற்ற ஓங்குத்தன்மை. ஏபி ரத்த வகையில் ஏ, பி இரண்டு ஆன்டிஜென்களும் முழுதாக இருக்கின்றன, இது இணை ஓங்குத்தன்மை. தனித்தனி நாளில் படித்தால் இரண்டும் தெளிவாக இருப்பதுபோலத் தோன்றும். அடுத்தடுத்துக் கேட்டால்தான் எங்கே குழம்புகிறோம் என்று தெரியும். ஒன்றில் நிறம் நடுவில் நிற்கிறது, மற்றதில் இரண்டும் ஒருசேர வெளிப்படுகிறது என்று ஒரே வரியில் எழுத வந்துவிட்டால் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

அதனால் டெஸ்ட் கேள்விகளைக் கொஞ்சம் முன்னேறிய பிறகு கலந்து எடுங்கள். ஐந்து மார்க் தாவரவியலில், மூன்று மார்க் விலங்கியலில். மார்க் குறையும். கேள்வித்தாளும் அப்படிக் கலந்துதான் வரும் என்பதால் அந்தக் குறைவைப் பார்த்து மனம் விடாதீர்கள்.

தப்புக்கும் ஒரு நோட்டு

மார்க் மட்டும் இருந்தால் எவ்வளவு போயிற்று என்று தெரியும், ஏன் போயிற்று என்று தெரியாது. தாளின் பின்பக்கத்தில், இழந்த ஒவ்வொரு மார்க்குக்கும் எதிரே ஓர் எழுத்து போடுங்கள். தெரியவே தெரியாது என்றால் ‘தெ’. ஒன்றை இன்னொன்றாக எழுதிவிட்டால் ‘கு’, குழப்பம். தெரிந்தும் விட்டிருந்தால் ‘வி’.

மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ‘தெ’ வந்தால் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைத் திரும்பப் படிக்க வேண்டும், வேறு வழியில்லை. ‘கு’ வந்தால் மறுபடி படிப்பது வீண். இரண்டையும் எதிரெதிரே எழுதும் ஒப்பீட்டுக் கேள்வியை நீங்களே உருவாக்கி விடை எழுதுங்கள். படியெடுத்தலும் மொழிபெயர்த்தலும், வாழிடத்திலேயே காப்பதும் வெளியே கொண்டுவந்து காப்பதும் இந்தப் பட்டியலில் நிச்சயம் வரும். இரண்டாவது ஜோடிக்கு முறையே முதுமலையையும் வண்டலூரையும் உதாரணமாக வைத்துக்கொண்டால் மறக்காது. ‘வி’ வந்தால் பாடத்தில் பிரச்சினை இல்லை, எழுதும் பழக்கத்தில் பிரச்சினை. பாகம் குறிக்காத படம், ‘வேறுபடுத்துக’ என்று கேட்டதற்கு ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவது, இரு சொல் பெயர்களில் பேரினத்துக்குப் பெரிய எழுத்தும் சிற்றினத்துக்குச் சிறிய எழுத்தும் போட மறப்பது. இந்த ரகத்தில் மாதம் ஒன்றுக்கு எத்தனை மார்க் போகிறது என்று கூட்டிப் பார்த்தால் சிலருக்குத் தூக்கிவாரிப்போடும்.

படங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதிர்ந்த மகரந்தப்பையின் குறுக்குவெட்டு, சூலின் அமைப்பு, கருப்பை, விந்தணு, ஆன்டிபாடி, பிபிஆர்322 பிளாஸ்மிட் போன்றவற்றைப் பார்த்து வரைந்து பழகுவதால் கை அழகாகும், நினைவு வளராது. பார்க்காமல் வரையுங்கள், மூன்று நிமிடத்தில் நிறுத்துங்கள், பிறகு புத்தகத்தைத் திறந்து விட்ட பாகங்களை வேறு நிறத்தில் சேருங்கள். அடுத்த முறை அந்த வேறு நிறம் குறைகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். ஷேடிங் போடுவதற்கு மார்க் இல்லை.

கைடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. விடையைச் சரிபார்க்கவும் கேள்வி தேடவும் அவை உதவும். முதலில் கைடு, பிறகு புத்தகம் என்று போனால் இன்சைட் கேள்விகள் உங்களைக் கடந்து போய்விடும். ஹைலைட்டரும் அப்படித்தான். பக்கம் முழுக்க மஞ்சளானால் எது முக்கியம் என்று பக்கத்துக்கே தெரியாது.

நீட்டும் எழுதுகிறவர்கள்

நீட்டில் 180 கேள்வியில் உயிரியல் மட்டும் 90, அதாவது 720-ல் 360 மார்க். அங்கே +1 பாடமும் உண்டு, எழுதிக் காட்ட எதுவும் இல்லை, தப்புக்கு ஒரு மார்க் கழியும். ஆகவே நீட்டுக்கு இதே தாளை ஓட்ட முடியாது. வேறு தாள், வேறு டெஸ்ட். பிப்ரவரியிலும் இரண்டையும் சம அளவில் இழுக்கப் பார்த்து இரண்டையும் கெடுத்துக்கொள்வதைவிட, பப்ளிக் முடியும்வரை நீட்டுக்கு +1 பாடங்களில் கொள்குறி வினாக்களை மட்டும் தொட்டுக்கொண்டிருப்பது போதும் என்று நினைக்கிறேன். +2 பாடப் பகுதியை நீங்கள் எழுதி எழுதிப் படித்தது நீட்டுக்கும் சேர்ந்தே வரும். கால்நடை மருத்துவம், வேளாண்மை போன்ற படிப்புகளில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு இந்த +2 மார்க்தான் கட்ஆஃப் கணக்கில் போகிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

கடைசி நாட்கள்

உயிரியல் தேர்வுக்கு முன் அட்டவணையில் சில நாள் இடைவெளி கிடைக்கலாம். அப்போது 15 நாள், ஒரு வாரம் என்ற விதிகளை விட்டுவிடுங்கள். தாளைப் பார்த்து, கடைசி மார்க் ஏழும் அதற்குக் கீழும் உள்ள வரிகளை மட்டும் வட்டமிடுங்கள். நான்கு மாதம் இந்தத் தாளை ஓட்டியிருந்தால் அவை ஆறு ஏழு பாடத்துக்கு மேல் இருக்காது. ஜனவரியில் தொடங்கியிருந்தால் எட்டு ஒன்பது இருக்கலாம். அவற்றில் ‘தெ’ போட்ட பக்கங்களும் ‘கு’ போட்ட ஜோடிகளும்தான் அந்த நாட்களின் வேலை. எட்டு வாங்கிய பாடங்களுக்கு ஒரு மார்க் கேள்விகளையும் படங்களையும் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

முந்தைய இரவு புதிதாக எதையும் தொடங்காதீர்கள், தூங்குங்கள். தூக்கத்தில்தான் அன்று படித்தது நினைவில் ஊறுகிறது என்பதால், விழித்திருந்து சேர்ப்பதைவிடக் கண்விழித்து இழப்பது அதிகம்.

கேள்வித்தாளைப் படிக்கத் தரும் நேரத்தில் எந்த நான்கு, எந்த மூன்று என்று குறித்துவிடுங்கள். கட்டாயக் கேள்வியை முதலில் பாருங்கள். தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் விடைகளைத் தனித்தனியாக எழுத வேண்டும். எதை முதலில் எழுதுவது, ஒன்றரை மணி நேரம் ஆனதும் மற்றதற்கு மாறிவிட முடிகிறதா என்பதை இரண்டாம் திருப்புதல் தேர்விலேயே ஒருமுறை கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டால், மார்ச்சில் அந்த யோசனைக்கு நேரம் போகாது.